எனக்கு வேலை தாரும்

ஆஸ்பத்திரி லாண்டரியில் மேற்பார்வை பார்க்கும் என் மனைவியை எல்லோரும் ‘ரேடியோ’ என்றுதான் கூப்பிடுவார்கள். முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள், அவளும் கோபித்துக்கொண்டதில்லை. காலை ஆறு மணிக்கு மெஷின்கள் ஓடத் தொடங்கும். அதற்குப் பத்து நிமிடம் முன்னால், துணி பிரிக்கும் நீள மேசையைச் சுற்றிப் பதினாலு பேரும் வந்து நிற்பார்கள். இவள் வேதத்திலிருந்து ஒரு வசனம் சொல்வாள். அந்த வசனத்தைப் பிடித்துக்கொண்டே ஒரு ஜெபம் செய்வாள். வேறு சாமி கும்பிடுகிறவர்களும் வந்து நின்றார்கள். காரணம், அந்த ஜெபத்தில் அவரவர் வீட்டு விஷயமும் வந்துவிடும்.

“ஆண்டவரே, பாரம் சுமக்கிறவங்களை எங்கிட்ட வாங்கன்னு சொன்னீங்க. ஈரப் போர்வை எவ்வளவு பாரம்னு உங்களுக்கே தெரியும். ரெண்டாம் மெஷின் இன்னைக்கு மக்கர் பண்ணாம ஓடணும். இஸ்திரி போடுற அக்கா பேரனுக்குக் காய்ச்சல் இறங்கணும். மேனேஜருக்கு நல்ல புத்தி குடுங்க. ஆமென்.”

மேனேஜர் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருக்கும்போதும் இதே ஜெபம்தான்.

நான் வீடுகளுக்குப் பெயிண்ட் அடிப்பவன். சுவரோடுதான் என் பிழைப்பு. அதற்கு ஏற்ற மாதிரி, பேச்சும் எனக்குக் குறைவு. கல்யாணமான முப்பது வருடத்தில் வீட்டு ஜெபத்தில் என் பங்கு ‘ஆமென்’ மட்டும்தான்.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம் அவளும் இன்னொரு பெண்ணும் போர்வை மடித்துக்கொண்டிருந்தார்கள். இவள் கையிலிருந்த முனை நழுவிக் கீழே விழுந்தது. “என்னக்கா, பிடிங்க” என்றாள் அந்தப் பெண். இவள் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். சொல் வரவில்லை. வலது கையும் தொங்கிவிட்டது. லாண்டரி ஆஸ்பத்திரிக்குப் பின்னாலேயே இருந்ததால் தப்பித்தாள். துணி தள்ளும் வண்டியிலேயே அவளை உட்கார வைத்து, அவசரப் பிரிவுக்குத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள்.

மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு என்றார்கள். இரண்டு வாரத்தில் நடந்தாள். கையும் முக்கால்வாசி திரும்பி வந்தது. பேச்சு மட்டும் வரவில்லை.

“புத்தி அப்படியேதான் இருக்கு. நீங்க சொல்றது எல்லாமே அவங்களுக்குப் புரியும்” என்றார் டாக்டர். “என்ன சொல்லணும்னும் தெரியும். சொல்லை எடுத்து வெளியே தர்ற இடத்துலதான் அடி.”

அவளிடம் மிச்சமிருந்த சொல் ஒன்றே ஒன்று: ‘அது’. உப்பும் அது, நானும் அது, வேறு ஊரில் வாழ்க்கைப்பட்டிருக்கும் எங்கள் ஒரே மகளும் அது. கேட்கிறவனுக்குப் புரியவில்லை என்றால் இன்னும் அழுத்தி, “அது! அது!” என்பாள். அப்புறம் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

பேச்சுப் பயிற்சிக்கு ஒரு டீச்சரம்மாவிடம் அனுப்பினார்கள். ஒல்லியாக, மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு, சிரிக்காமல் வேலை பார்க்கிறவர். முதல் நாள் படம் படமாகக் காட்டினார். நாற்காலி, சாவி, குடை. எல்லாவற்றுக்கும் ‘அது’தான். படங்களை மூடி வைத்துவிட்டு என்னைக் கேட்டார்:

“சின்ன வயசுல மனப்பாடம் பண்ணினது ஏதாவது இருக்கா? பாட்டு, ஜெபம், எதுவா இருந்தாலும் சரி.”

“சங்கீதம் தெரியும்மா. வேதத்துல வர்ற மேய்ப்பர் சங்கீதம்.”

“ஆரம்பிச்சுக் குடுங்க.”

நான் கூச்சத்தோடு முதல் இரண்டு சொற்களைச் சொன்னேன். மூன்றாவது சொல்லை என் வாயிலிருந்து அவள் பிடுங்கிக்கொண்டாள். பிறகு நிற்கவே இல்லை. புல்வெளி, தண்ணீர், பள்ளத்தாக்கு, கோல், பந்தி, எண்ணெய் என்று ஒரு சொல் பிசகாமல் கடைசி வரைக்கும் ஓடி முடித்தாள். நான் அழுதுவிட்டேன். அவளும் அழுதாள். டீச்சரம்மா அழவில்லை.

“மனப்பாடமா இருக்கிறது வேற வழியில வருது. நல்ல சேதிதான்” என்றார். “ஆனா இதைப் பேச்சுன்னு நினைச்சுடாதீங்க. இது அவங்களுக்குள்ள ஏற்கெனவே பதிஞ்சிருக்கிறது. அவங்க சொல்ல நினைக்கிறது இன்னும் உள்ளேயேதான் இருக்கு.”

நான் அதைச் சரியாகக் காதில் வாங்கவில்லை. சந்தோஷத்தில் போதகரிடம் போய்ச் சொல்லிவிட்டேன். அடுத்த ஞாயிறு அவளைச் சபைக்கு முன்னால் சாட்சி சொல்லக் கூப்பிட்டார். ஏறி நின்று சங்கீதம் முழுவதையும் சொன்னாள். ஆலயமே கை தட்டியது. ஆராதனை முடிந்ததும் பாடகர் குழுத் தலைவி ஓடி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

“இப்ப உடம்பு எப்படி இருக்கு?”

அவள் எதையோ சொல்ல வந்தாள். கழுத்து நரம்பு புடைத்தது. “அது... அது...” என்றாள். பிறகு, “மேய்ப்பர்” என்றாள்.

“பாத்தீங்களா! ஆண்டவர் பேரைத் தவிர வேற எதுவும் வாயில வரல. என்ன பாக்கியம்! எங்களுக்கெல்லாம் இது கிடைக்குமா?”

என் மனைவி அந்தக் கையை உதறினாள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, நேரே நடந்து வெளியே போனாள்.

வீட்டுக்கு வந்ததும் தன் வேதப்புத்தகத்தை எடுத்து, எட்டாத உயரத்தில், பீரோவுக்கு மேலே தூக்கிப் போட்டாள். டீச்சரம்மாவிடம் கூட்டிப் போனால் உதட்டை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். எனக்குப் புரிய நாளாயிற்று. தலைவலி என்று சொல்ல முடியவில்லை. மகளைப் பேர் சொல்லிக் கூப்பிட முடியவில்லை. ஊரோ அவள் வாயில் வந்ததை மட்டும் கேட்டுக் கை தட்டிவிட்டுப் போய்விட்டது.

சாப்பாட்டுக்கு முன் ஜெபம் செய்ய இப்போது நான்தான் மிச்சம். கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தேன். “ஆண்டவரே, முதல்ல பழைய பூச்சைச் சுரண்டணும். அப்புறம் பட்டி பார்க்கணும். அப்புறம்தான் கலர். அவசரப்பட்டா நிக்காது. அதை நாங்க புரிஞ்சுக்கணும். ஆமென்.” கண்ணைத் திறந்தபோது அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்காரரிடம் வேலை பேசுகிற மாதிரி கடவுளிடம் பேசுகிறானே என்று அந்தப் பார்வை.

பதினோரு நாள் இப்படியே போயிற்று. பன்னிரண்டாம் நாள் காலை, நான் முன் அறையில் ஸ்டூலின் மேல் நின்று சுவர் விரிசலுக்குப் பட்டி வைத்துக்கொண்டிருந்தேன். அடுப்படியிலிருந்து சத்தம் வந்தது.

“என் பாத்திரம் நிரம்பி வழிகிறது!”

எனக்குப் புல்லரித்துவிட்டது. மனசு மாறி மறுபடி சங்கீதத்தை எடுத்துவிட்டாள்! தொந்தரவு செய்யக் கூடாது என்று அசையாமல் நின்றேன். இரண்டாம் தடவை இன்னும் சத்தமாக வந்தது. பட்டி ஒட்டிய கையோடு கும்பிட்டேன். மூன்றாம் தடவை வந்தது ஜெபம் மாதிரி இல்லை. சண்டை மாதிரி இருந்தது. அப்புறம்தான் தீய்ந்த வாசனை.

ஓடிப் போய்ப் பார்த்தால், பால் பொங்கி அடுப்பெல்லாம் ஓடிக்கொண்டிருக்கிறது. அவள் இரண்டு கையாலும் வெந்நீர்ப் பானையைப் பிடித்துக்கொண்டு, வைக்க இடமில்லாமல் நிற்கிறாள். அடுப்பை அணைத்தேன். பானையை வாங்கிக் கீழே வைத்தேன். பாலைப் பார்த்தோம், ஒருவரையொருவர் பார்த்தோம். முதலில் சிரித்தது அவள்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நோய் வந்தபின் அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

சட்டென்று சிரிப்பை நிறுத்தினாள். அடுப்பைக் காட்டி, “வழிகிறது” என்றாள். தனியாக, மெதுவாக, அந்த ஒரு சொல்லை மட்டும். கண் முன்னால் இருந்ததும் வாயில் வந்ததும் ஒன்றாக இருந்தன. அவளுக்கே அது தெரிந்துவிட்டது. முன் அறைக்குப் போய், என் ஸ்டூலை இழுத்து பீரோவுக்குப் பக்கத்தில் போட்டு, ஏறி, வேதத்தைக் கீழே எடுத்தாள்.

டீச்சரம்மாவிடம் பால் கதையைச் சொன்னேன். முதல் தடவையாகச் சிரித்தார். “இதுதான் வழி. வசனத்துல ஏறிப் போய் ஒரு சொல்லைப் பிடிக்கட்டும். பிடிச்ச அப்புறம், முன்னால இருக்கிற சொல்லை ஒண்ணொண்ணா விட்டுப் பழகட்டும்.”

எனக்கு இது உடனே பிடிபட்டது. உயரச் சுவருக்குச் சாரம் கட்டுகிறோம். வேலை முடிந்ததும் பலகை பலகையாகப் பிரித்துவிடுகிறோம். சுவர் தானாக நிற்கும்.

ஆனால் கட்டிப் பிரிப்பதற்குள் உயிர் போய்விடும். தண்ணீர் வேண்டுமென்றால் சங்கீதத்தின் தொடக்கத்திலிருந்து கிளம்பி, புல்வெளியெல்லாம் தாண்டித் ‘தண்ணீர்’ வந்ததும் பிரேக் போட்டு நிற்பாள். நிற்க முடியாமல் பள்ளத்தாக்கு வரை போய்விட்டால் மறுபடி முதலிலிருந்து. நான் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பேன். முன்கூட்டியே நீட்டினால் முறைப்பாள். ஒரு வாரத்தில் பாதி வழியிலிருந்து கிளம்பினாள். மூன்றாம் வாரம், தாகம் எடுத்தபோது, “தண்ணீர்” என்றாள். அவ்வளவுதான். நான் மூன்று டம்ளர் கொடுத்தேன்.

வேலையில் மிஞ்சிய நீலப் பெயிண்டை எடுத்துக்கொண்டு வீட்டுச் சுவரில் எழுத ஆரம்பித்தேன். தண்ணீர்க் குடத்துக்கு மேலே ‘தண்ணீர்’. அலமாரிக்கு மேலே ‘எண்ணெய்’. வாசலில் ‘வாசல்’. தினமும் காலையில் ஒரு வசனம். அதில் வீட்டுக்கு உதவுகிற சொல் எது என்று இருவரும் தேடுவோம். ஆண்டவர் கற்றுக்கொடுத்த ஜெபம் எங்களுக்குப் பெரிய புதையல். அதில் ‘எங்களுக்கு’ இருந்தது, ‘இன்று’ இருந்தது, ‘வேண்டிய’ இருந்தது, எல்லாவற்றுக்கும் மேலாகத் ‘தாரும்’ இருந்தது.

“எண்ணெய் தாரும்” என்பாள் என்னிடம். “சீப்பு தாரும்.” “இங்கே வாரும்.” என் ஆயுளில் என்னை யாரும் அவ்வளவு மரியாதையாகக் கூப்பிட்டதில்லை. “தக்காளி தாரும்” என்று இவள் கேட்டதும் காய்கறிக்காரர் பயந்துபோய் நல்லதாகப் பொறுக்கிக் கொடுத்தார்.

இப்படி இருக்கும்போதுதான் லாண்டரியிலிருந்து கடிதம் வந்தது. விடுப்பு முடிகிறது, மேற்பார்வை வேலைக்கு வார்டுகளோடு போனில் பேச வேண்டியிருப்பதால், உடல்நிலையை முன்னிட்டு ஓய்வு பெற்றுக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தது. அன்று மாலை மகளும் போனில் அதையே சொன்னாள்.

“போதும்மா. இத்தனை வருஷம் உழைச்சது போதும். வீட்டுல நிம்மதியா இருந்து ஜெபம் பண்ணுங்க.”

என் மனைவி போனை என் கையில் கொடுத்தாள். வேதத்தைப் புரட்டி ஒரு பக்கத்தை எடுத்து, விரலை வைத்து என்னிடம் நீட்டினாள். யாருக்கும் பயப்படாத ஒரு நியாயாதிபதியிடம், ஒரு விதவை நியாயம் கேட்டுத் திரும்பத் திரும்பப் போன கதை. இவள் தொல்லை தாங்கலையே என்று கடைசியில் அவன் செய்து கொடுத்துவிடுவான்.

“இது ஜெபத்தைப் பத்தின கதைம்மா. சோர்ந்து போகாம ஜெபம் பண்ணணும்னு சொல்றது. மேனேஜரைப் பத்தி இல்ல” என்றேன்.

அவள் யோசித்தாள். வாய் கோணியது. “ரெண்டும்” என்றாள்.

அடுத்த திங்கட்கிழமை காலை குளித்து, நல்ல புடவை கட்டிக் கிளம்பினாள். நானும் கூடப் போனேன். மேனேஜர் கெட்டவர் இல்லை. எழுந்து நாற்காலி போட்டார். அவள் உட்காரவில்லை. மேசைக்கு முன்னால் நின்று, “வேலை” என்றாள். அதற்கு மேல் வரவில்லை.

“முதல்ல உடம்பைப் பாத்துக்கங்கக்கா” என்றார் மேனேஜர் தரையைப் பார்த்துக்கொண்டு.

இரண்டாம் திங்கள், “என் வேலை” என்றாள். அவர் என்னைப் பார்த்து, “நீங்களாவது எடுத்துச் சொல்லக் கூடாதா?” என்றார். எடுத்துச் சொல்கிற ஆளாக நான் இருந்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காதே!

மூன்றாம் திங்கள் அவள் நிமிர்ந்து நின்று, ஒரே மூச்சில் சொன்னாள்:

“எனக்கு வேலை தாரும்.”

மேனேஜர் எழுந்து நின்றுவிட்டார். “அக்கா, நீங்க என்கிட்ட கேக்குறீங்களா, மேல இருக்கிறவர்கிட்ட கேக்குறீங்களா?”

அவள் மேலே விரலைக் காட்டினாள். “அவர்... கிட்ட... கேட்டேன்.” விரல் இறங்கி அவர் சட்டைப் பொத்தானுக்கு நேராக வந்து நின்றது. “உம்ம கிட்ட... கேட்க... சொன்னார்.”

நான்காம் திங்கள் மேனேஜர் மீட்டிங்கில் இருப்பதாகச் சொன்னார்கள். மூன்று மணி நேரம் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மடியில் வேதம், உதடு அசைந்துகொண்டே இருந்தது. ஐந்தாம் திங்கள் சிரிப்போடு, “அடுத்த மாசம் பாக்கலாம்” என்றார். திரும்பி வரும் வழியில் ஒரு மரத்தடியில் நின்றுவிட்டாள். கண்ணில் நீர். நான், “போதுமா? விட்டுடலாமா?” என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. என் கையைத் தட்டிவிட்டு, எனக்கு முன்னால் வேகமாக நடந்தாள். அன்று மத்தியானம் இரண்டு மணி நேரம் ‘போர்வை’ என்ற சொல்லோடு மல்லுக்கட்டினாள். அது எங்களுக்குத் தெரிந்த வசனம் எதிலும் இல்லை. அதனால் சாரம் இல்லாமலே ஏறினாள்.

ஏழாம் திங்கள் மேனேஜர் மேசைமேல் இருந்த போனை அவள் பக்கம் தள்ளினார்.

“நாலாம் வார்டுக்குப் போடுங்க. எத்தனை போர்வை வேணும்னு கேட்டு எழுதுங்க. அவ்வளவுதான். உங்களால முடிஞ்சா, அப்புறம் பேசலாம்.”

எண்ணை அழுத்தினாள். அறை அவ்வளவு அமைதி. அந்தப் பக்கம் எடுத்த நர்ஸின் குரல் எனக்கே கேட்டது.

“ஹலோ, யாரு?”

“லா... லா...”

“ஹலோ? ஹலோ?” டொக்கென்று வைத்துவிட்டார்கள்.

மறுபடி போட்டாள். “லாண்டரி” என்றாள் இந்தத் தடவை. “போ... போ...”

“யாருங்க அது, வேலை நேரத்துல?” வைத்துவிட்டார்கள்.

மேனேஜரே போனை வாங்கக் கை நீட்டினார். அவள் போனை மார்போடு சேர்த்துக்கொண்டாள். கண்ணை மூடினாள். என்ன ஜெபித்தாளோ, எனக்குக் கேட்கவில்லை. மூன்றாம் தடவை போட்டாள். அந்தப் பக்கம் எடுத்ததுமே சொன்னாள்:

“வைக்காதீங்க.”

மணி அடித்தாற்போல வந்தது. அந்தச் சொல்லை நாங்கள் பழகியதே இல்லை. சுவரில் அதை நான் எழுதியதும் இல்லை.

“லாண்டரி. போர்வை. எத்தனை?”

“முப்பத்திரண்டு. ஏன் இவ்வளவு மெதுவா பேசுறீங்க?”

“பேச்சு... கத்துக்கறேன்.”

“ஓ. சரி, சரி. நிதானமாவே சொல்லுங்க. தலையணை உறையும் இருபது வேணும்.”

கோணல் எழுத்தில் 32 என்றும் 20 என்றும் எழுதி, தாளை மேனேஜர் பக்கம் தள்ளினாள். அவர் அதை வெகு நேரம் பார்த்தார். இரண்டு எண்ணைப் படிக்க அவ்வளவு நேரம் ஆகாது.

“அரை நாள் வாங்க. துணி பிரிக்கிற மேசை உங்க பொறுப்பு. போனுக்குப் பக்கத்துல ஒரு ஆள் இருக்கட்டும். ஒரு மாசம் பாப்போம்.”

“அப்புறம்?” என்றாள்.

“அப்புறமா? நான் வேணாம்னு சொன்னா மட்டும் விட்டுடவா போறீங்க?”

முதல் நாள் காலை ஐந்தரைக்கே போய்விட்டோம். பதினாலு பேரும் மேசையைச் சுற்றி வந்து நின்றார்கள். அவள் இல்லாத மாதங்களில் யாரும் ஜெபம் சொல்லவில்லையாம். சும்மா ஒரு நிமிடம் நின்றுவிட்டுக் கலைந்துபோவார்களாம். “அந்தச் சங்கீதத்தையே சொல்லுங்கக்கா, போதும்” என்று கிசுகிசுத்தாள் ஒருத்தி. இவள் தலையாட்டி மறுத்தாள்.

“மோசே” என்றாள். நிறுத்தினாள். “திக்குவாய்.”

யாரோ சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

“ஆனாலும்... ஆண்டவர்... அனுப்பினார்.”

ராஜாவிடம் பேசப் போன மோசேயின் கதை. அன்றைய வசனம் அவ்வளவுதான். அப்புறம் கண்ணை மூடினாள்.

“ஆண்டவரே. மெதுவா... பேசுவேன். கேளுங்க.” மூச்சு வாங்கினாள். “இவங்க கையில... ஊசி... குத்த...”

அழுக்குத் துணியோடு வார்டிலிருந்து ஊசி வந்துவிடுவது உண்டு. “கூடாது” என்று எடுத்துக்கொடுத்தாள் இஸ்திரி போடும் பெண்மணி. என் மனைவி கண்ணைத் திறக்காமலே கையை உயர்த்தித் தடுத்தாள். காத்திருந்தோம். கடிகாரத்தில் ஆறு தாண்டியது. யாரும் சுவிட்சுப் பக்கம் போகவில்லை.

“குத்த வேண்டாம்” என்றாள். “மேனேஜர்... பல்லு...”

கதவோரம் நின்ற மேனேஜர் வீங்கிய கன்னத்திலிருந்து கையை எடுத்தார்.

“வலி போகட்டும். ஆமென்.”

அன்று மத்தியானம் நான் வீட்டுக்கு வந்தபோது, செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் சாய்ந்திருந்தாள். முகம் வெளுத்து, சோர்ந்து கிடந்தாள். “எப்படிப் போச்சு?” என்று கேட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அறுவை சிகிச்சை அறைத் துணிக்குள் ஒரு கத்தரிக்கோல் வந்ததையும், அதை அவள் முதலில் பார்த்ததையும், எல்லோரையும் கையை எடுக்கச் சொன்னதையும், அதைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது அங்கிருந்த டாக்டர் அசடு வழிந்ததையும் சொன்னாள். நடுவில் இரண்டு இடத்தில் மாட்டிக்கொண்டாள். ஒரு இடத்தில் கோபம் வந்து தலையணையைக் குத்தினாள். நான் எதையும் எடுத்துக்கொடுக்கவில்லை. மூன்று நிமிடக் கதை. சொல்லி முடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. கதை முழுவதும் அவளே சொன்னாள்.